பாங்கும் வயரும்

எனக்கு எழுதத் தெரியாது. வாய் மட்டும் நன்றாக ஓடும். அதனால்தான் சவூதியில், றியாதில் வேலை செய்யும் என் கணவர் ஹமீட், எண்பத்திரண்டில் லீவுக்கு வந்தபோது ஒரு கசட் செட்டைக் கொண்டுவந்து வைத்தார். அவர் பேசி அனுப்புவார், நான் பேசி அனுப்புவேன்.

ஒருமுறை வந்த கசட்டில், அங்கேயே வேலைக்கு இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடவா என்று கேட்டிருந்தார். வேண்டாம், வந்துவிடுங்கள் என்று நான் சொல்லியாக வேண்டும். இன்னொருத்தர் கையால் எழுதுவிக்கிற பேச்சா அது? வெள்ளிக்கிழமை என் தம்பி றஊப் றியாதுக்குப் பயணம். பதில் அவன் கையில் போகவேண்டும். செட்டோ, நான் வாயெடுத்தால் அணைந்துபோகும். பிறகு தானாக எரியும்.

பெட்ஷீட்டில் சுற்றி இரண்டு தடவை கல்முனைச் சந்தையில் றேடியோ திருத்தும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர், பாண்டிருப்பு ஊர் நல்லரெத்தினம் அண்ணன், திறந்து, துடைத்து, அரை நாள் ஓடவிட்டார். அங்கே மூச்சுவிடாமல் பாடியது. வீட்டுக்கு வந்தால் அதே கூத்து.

"நல்ல சாமானக் கழட்டிட்டுப் பழசப் போட்டிருப்பான் ராத்தா" என்றான் றஊப். நம்பினேன். கடை வாசலில் நின்று, நாலு பேர் கேட்க, கள்ளன் என்றே சொல்லிவிட்டேன்.

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. வியாழன் பின்னேரம் சைக்கிளில் வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

"வீட்டுலயே வெச்சுப் பாப்பம் தங்கச்சி."

ஹமீடின் உம்மாவும் நானும் பார்த்திருக்க, செட்டிலுள்ள றேடியோவைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். செட்டு வேண்டுமென்றே பாடிக்கொண்டிருந்தது. எனக்கு மானம் போனது. அந்நேரம் பள்ளியில் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். ஓடிப்போய், வயரைப் பிடித்து ஒரே இழுவையில் சுவரிலிருந்து பிடுங்கினேன். பாங்கு கேட்டால் பாட்டு நிற்கவேண்டும், வயரைப் பிடுங்கு, கண்ட பட்டனையும் அமத்தாதே என்பது ஹமீடின் கட்டளை.

பாங்கு முடியட்டும் என்று காத்திருந்து, நல்லரெத்தினம் அண்ணன் வயரைக் கையில் எடுத்தார்.

"எல்லாப் பாங்குக்கும் இப்பிடித்தானா இழுக்கிறீங்க?"

"ஓம்."

"கடைக்கு இந்த வயரக் கொண்டுவரல்லயே?"

அலுமாரிக்குப் பின்னால் ஓடும் வயரை எதற்கு எடுப்பது? செட்டை மட்டும்தான் கழற்றிக்கொண்டு போனேன். அவர் தன் கடை வயரைப் போட்டுத்தான் சோதித்திருக்கிறார்.

மறுபடி மாட்டி, வயரை மெல்ல வளைத்தார். செட்டு அணைந்தது. நிமிர்த்தினார், எரிந்தது. பிளக்கடியில் வெட்டிக் காட்டினார். செம்புக் கம்பி அறுந்து, இரண்டு இழைதான் தொட்டும் தொடாமலும் கிடந்தது. பழுதை எறிந்துவிட்டு, மிச்ச வயரில் பிளக்கைப் பூட்டித் தந்தார்.

"அண்ணன், நான் சொன்னத மன்னிச்சிருங்க."

"அத விடுங்க. புருசனோட கதைக்கிற வேலயப் பாருங்க."

அல்ஹம்துலில்லாஹ், அன்று நான் அழுது பேசியது ஒரு சொல் விடாமல் கசட்டில் ஏறியது. மறுநாள் றஊப்பை அனுப்பிவிட்டு நேரே கடைக்குப் போனேன். அதே வாசலில், அதே சத்தத்தில், பிழை என்னுடையது என்று நாலு பேர் கேட்கச் சொன்னேன். அப்போதுதான் நெஞ்சு ஆறியது.

மூன்று மாதத்தில் ஹமீட் வந்து இறங்கினார். பாங்கு கேட்டதும் பழைய பழக்கத்தில் வயரைப் பிடித்தார். கையில் பட்டென்று ஒன்று வைத்தேன்.

"நல்லரெத்தினம் அண்ணன் இல்லாட்டி நீங்க இப்ப இஞ்ச இல்ல. பட்டன அமத்துங்க!"