முளைக்காத பல்

கிழங்கில் மண் கடிபட்டதென்று போமாய் விறகுக்கட்டையால் மனைவியின் வாயில் அடித்தான். பிறக்கும்போதே பிளந்திருந்து, மிஷன் ஆஸ்பத்திரியில் தைத்த மேலுதடு மறுபடி கிழிந்து, ஒரு பல்லும் பெயர்ந்தது. தெக்லா அடுப்புச் சாம்பலில் விழுந்தாள்.

"கத்துனே, இன்னொண்ணும் போகும்டி!"

எங்கள் நியூகினி மலையில் பெண்டாட்டி பல்லை உடைத்தவன் அவள் பிறந்த வீட்டுக்குப் பன்றி கொடுத்தாக வேண்டும். அவளுடைய அண்ணன் சியூனே சும்மா விடுவானா? மறுநாள் சந்தைத் திடலில் கிராம நீதிமன்றம் கூடியது.

போமாய் கைகட்டிக்கொண்டு சிரித்தான். "நான் எங்க ஒடச்சேன்? ஒதடு பொளந்து பொறந்தவளுக்குப் பல்லும் முழுசா மொளைக்காது. நர்ஸம்மாவே சொன்னாங்க, கேட்டுப் பாருங்க."

அது நிஜம்தான். பால்பல் விழுந்தபின், தையலை ஒட்டிய ஒரு பல் அவளுக்கு முளைக்கவே இல்லை. அந்த ஒன்றைச் சாக்காக வைத்தே இந்தப் படுபாவி இதற்கு முன் மூன்று பல்லை உடைத்திருந்தான். ஒவ்வொரு தடவையும் ஊர், "பாவம், பிறவிக் குறை" என்று தலையாட்டியது.

"ஏம்மா, இல்லாத பல்லுக்குப் பன்னி கேக்குறியா?" என்றார் நடுவர் கோமா. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

தெக்லா கடைவாயில் அடக்கி வைத்திருந்ததை அவர் முன்னால் துப்பினாள். ரத்தத்தோடு, வேரும் தெரிய ஒரு பல் கிடந்தது.

"மொளைக்காத பல்லுக்கு வேர் ஏதுங்கய்யா?"

சிரிப்பு நின்றது. பன்றி கொடுக்கத் தீர்ப்பானது. போமாய் முறைத்துக்கொண்டே போய் ஒன்றை இழுத்து வந்தான். அதற்குக் கிழங்கு ஊட்டி வளர்த்தவளே தெக்லாதான். கயிறு சியூனேயின் கைக்குப் போனது.

"வழக்கு முடிஞ்சுது. நீ புருஷன் வீட்டுக்குக் கெளம்பு தங்கச்சி," என்ற அண்ணன், போமாயின் தோளைத் தட்டினான். "அடுத்த தடவை இன்னும் கொழுத்ததாக் குடு மச்சான்!"

அட, இவனும் ஓர் அண்ணன்! இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

தெக்லா கயிற்றைப் பிடுங்கினாள்.

"ஏய், அது எம்பன்னி!" என்று சியூனே கத்தினான்.

"இது எம்பல்லுண்ணே. எங்கூடத்தான் வரும்."

போமாய் பாய்ந்து அவள் கழுத்தைப் பிடித்தான். அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். எலும்பு தட்டும்வரை விடவில்லை. அவன் அலறிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். மிச்சமிருந்த பற்களே அதற்குப் போதும்.

வாயைத் துடைத்துக்கொண்டு, கொரோகா நகரத்துக்குப் போகும் பஸ் நிற்கும் சாலையைப் பார்த்து அவள் நடந்தாள். தீனி போட்டவள் கூப்பிட்டால் பன்றி வராதா என்ன? வந்தது.