கவர்னர் கல்லில் தேய்த்த தோல்

கர்னல் பெல்வுட் துரையின் கல்லறைக் கல்லை நாற்பது வருஷத்துக்கு முன்னால் தள்ளுவண்டியில் ஏற்றித் தோல் பதனிடும் ஷாப்புக்குக் கொண்டுபோனது தானியேல்தான். வழவழப்பான கருங்கல், ஆறடி நீளம். ஈரத் தோலை விரித்துச் சுருக்கம் போகத் தேய்க்க அதைவிட நல்ல கல் ஆம்பூரிலேயே கிடையாது. எழுத்துள்ள பக்கத்தைக் கீழே போட்டுத்தான் வேலை நடந்தது. ஒருமுறை யாரோ புரட்டிப் போட்டுவிட, முந்நூறு தோலில் துரையின் பெயர் அச்சுக் குத்தினாற்போல் விழுந்துவிட்டது. அதை வாங்கிய ஜெர்மன்காரன், டிசைன் பிரமாதம், இன்னும் ஐயாயிரம் அடி அனுப்பு என்று டெலக்ஸ் கொடுத்தான்.

இப்போது தானியேல் அந்தக் கல்லறைத் தோட்டத்துக்கே கமிட்டி மெம்பர். துரையின் வம்சத்துப் பேத்தி ஹெலன் லண்டனிலிருந்து வருகிறாள் என்று கடிதம் வந்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. துரை கனவிலாவது வந்திருந்தால் நேரிலேயே பேசி முடித்திருக்கலாம். அவரும் வரவில்லை.

ஷாப் முதலாளி சமீருல்லா பழைய தோஸ்த். "இதுக்கு ஏன் பேஜாராவுற? மழையில போய்ட்சின்னு சொல்லு."

"ஆறடி கருங்கல்லு மழையில போவுமா பாய்?"

"ஆம்பூர் மழையைப் பத்தி அந்தம்மாவுக்கு இன்னா தெரியும்?"

ஹெலன் வந்தாள். வெளிநாட்டு வியாபாரிகளோடு பேசிப் பழகிய சமீருல்லாதான் மொழிபெயர்த்தார். வெறும் மண்ணாகக் கிடந்த இடத்தைக் காட்டியதும், கல் எங்கே என்று அவள் கேட்கவில்லை. துரையின் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள்.

வேலூர்க் கோட்டையில் இளம் அதிகாரியாகப் பதினோரு வருஷம். அத்தனை வருஷத்தில் அவர் சுட்டது ஒரே ஒரு காக்கை, அதுவும் பறந்துவிட்டது. அந்த வீரத்துக்காக ஒரு தீவுக்குக் கவர்னராக்கினார்கள். அங்கே கரும்பு வெட்டப் போனவர்கள் பூராவும் ஆம்பூர், பேரணாம்பட்டு ஜனங்கள். ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போகவேண்டும் என்று அவர்கள் கேட்டபோது, ஏற்றிப்போக வந்த கப்பலை வெறுமையாகத் திருப்பி அனுப்பினார். மூன்று தடவை. கடைசியில் அந்தத் தீவிலிருந்து ஆம்பூருக்கு வந்துசேர்ந்தது அவர் ஒருவர்தான். வயசான காலத்தில் வந்தார், இங்கேயே செத்தார்.

"மன்னிப்புக் கேட்க வந்தேன். யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை" என்றாள்.

தானியேலுக்குத் தாங்கவில்லை. "அம்மா, இங்க இருந்த கல்ல எடுத்துப் போனது நான்தான். தோல் தேய்க்க."

சமீருல்லா வானத்தைப் பார்த்தார்.

"சொல்லு பாய்."

சொன்னார். ஹெலன் தானியேலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். சரியான தண்டனை, அந்த ஜனங்களுக்காகப் பழிவாங்கியிருக்கிறீர்கள், கல் ஷாப்பிலேயே இருக்கட்டும் என்றாள்.

"ஐயோ, பழியும் இல்ல ஒண்ணும் இல்லம்மா. அவரு யாருன்னே எனக்குத் தெரியாது. வழவழன்னு இருந்துச்சி, எடுத்தேன்."

"அந்தம்மாவே விட்டாங்க, நீ இன்னாய்யா?" என்றார் சமீருல்லா.

"அவரு பண்ணது அவரோட. செத்தவன் தலைமாட்டுக் கல்லு எடுத்தது நானு. அத அந்தம்மா எப்படி விட முடியும்?"

அன்று மத்தியானமே ஷாப் ஆட்கள் எட்டுப் பேர் கல்லைக் கொண்டுவந்தார்கள். எழுத்தைப் படித்த ஹெலனின் முகம் சுருங்கியது. நீதி தவறாமல் ஆட்சி செய்தவர், தீவு ஜனங்களின் தகப்பன் என்று வெட்டியிருந்தது.

"இந்தப் பொய்யை மறுபடி ஊர் பார்க்க வைக்கப் போகிறீர்களா?"

தானியேல் தாடையைச் சொறிந்தார். பிறகு ஆட்களிடம், "புரட்டுங்கடா. எழுத்து உள்பக்கம் போவட்டும்" என்றார். "அவரே படிச்சிக்கட்டும்."

ஹெலன் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள்.

எல்லோரும் போனபிறகு தானியேல் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக் கல்லைத் தேய்த்துக் கழுவினார். தோல் வாடை போகவில்லை. மூன்றாவது குடத்துக்குக் குழாயடிக்குப் போனார்.