மேச்சேரிக்குப் பதினாறு சுற்று

ஞாயிறு காலைப் பூசையிலிருந்து திரும்பியது முதல் இன்னாசிமேரி தண்டவாளம் துடைத்துக்கொண்டிருந்தாள். சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில் இருந்த அந்த வீட்டின் முன்னறையைப் பலகைமேடை ஒன்று அடைத்துக்கொண்டு கிடந்தது. அதன்மேல் சேலம் சந்திப்பு, ஓமலூர், மேச்சேரி, மேட்டூர் என்று நான்கு பொம்மை ஸ்டேஷன்கள். சாவி கொடுத்தால் ஓடும் மூன்று எஞ்சின்கள். விரல் நீளப் பெட்டிகள் இருபத்தேழு. மூன்று மணிக்கு அவள் கணவனின் நண்பர்கள் வருவார்கள். ஆளுக்கொரு பொறுப்பை ஏற்றுக் கால அட்டவணைப்படி வண்டிகளை நடத்துவார்கள்.

ஸ்டேஷன் மாஸ்டர் ஞானதாஸ் ஒன்பது வருடம் பாடுபட்டுச் செய்த பாதை அது. தை மாதம் பக்கவாதம் அவருடைய வலக்கையை முடக்கிப் போட்டது. அன்றிலிருந்து எல்லாம் இவள் தலையில் விழுந்தன. மண்ணெண்ணெய்த் துணியால் தண்டவாளத்தைத் துடைக்க வேண்டும். அச்சில் சுற்றிய நூலைக் கொண்டை ஊசியால் இழுக்க வேண்டும். வெயிலில் வளைந்த பலகைக்கு அட்டை கொடுக்க வேண்டும். இடுப்பு விட்டுப்போயிற்று.

போன தடவை ஞானதாஸ் பார்க்காத நேரத்தில், அவர் நடத்தும் பாசஞ்சர் எஞ்சினுக்குப் பார்சல் கிளார்க் கைலாசம் இரக்கப்பட்டுச் சாவி முறுக்கிவிட்டார். ஞானதாஸ் கண்டுகொண்டார், இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், "அடுத்த முறை பாசஞ்சரை நான் நடத்த முடியாவிட்டால் எல்லாவற்றையும் பெட்டியில் கட்டிவிடு, மேரி" என்றார்.

கட்டிவிட்டால் நிம்மதி என்று அவளுக்கும் ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்புக்காகவே இன்று இரட்டிப்பாகத் துடைத்தாள்.

ஓமலூரிலிருந்து மேச்சேரிக்குச் சாவி பதினாறு சுற்று வேண்டும்; காலையில் மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டாள். எஞ்சினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இடக்கையால் அவர் முறுக்கினால் பதினொன்றுக்கு மேல் ஏறாது. பதினொரு சுற்றில் வண்டி நிற்கும் இடத்தில் சாக்கட்டியால் கோடிட்டாள். பிறகு, எந்தப் பதிவேட்டிலும் பொய் எழுதியறியாத அவள், அட்டவணையில் அந்த இடத்துக்கு நேராக 'தண்ணீர் பிடிக்க நான்கு நிமிடம்' என்று மணிமணியாக எழுதினாள். அங்கே நின்றால் மறுபடி முறுக்கிக்கொள்ளலாம்.

சாப்பாட்டுக்குப் பின் ஞானதாஸ் அட்டவணையைப் பார்த்தார்.

"இந்த இடத்தில்... தண்ணீர்த் தூண் உண்டா?"

"இல்லை."

"யார் எழுதியது?"

"நான்தான்."

அவர் இடக்கையால் பென்சிலை எடுத்து, கோணலாக, அந்த வரியை அடித்தார். அவள் காலி மரப்பெட்டியைக் கட்டிலடியிலிருந்து இழுத்துச் சுவரோரம் வைத்தாள்.

மூன்று மணிக்குக் கைலாசம் மேச்சேரியில் உட்கார்ந்தார். நாமக்கல் பக்கத்துக்காரரான கார்டு அருணகிரி பாசஞ்சருக்குக் கார்டானார். ஓமலூரில் ஞானதாஸ் முறுக்கினார். ஒன்பது, பத்து, பதினொன்று. அதற்கு மேல் சாவி திரும்பவில்லை. வண்டி புறப்பட்டது. சாக்கட்டிக் கோட்டில், கணக்குத் தப்பாமல், நின்றுபோயிற்று.

கைலாசத்தின் கை எஞ்சினை நோக்கி நீண்டது. அருணகிரி அதைத் தட்டிவிட்டார்.

"ஏனுங்க கிளார்க்கே, மேச்சேரியில உக்காந்துட்டு நடுவழி வரைக்கும் கை நீட்டறீங்க! அனுமார் வாலுங்களா அது? அக்கா, மூணு மிளகு குடுங்க."

"மிளகா? எதற்கு?"

"வண்டி நடுவழியில நின்னா, எதுக்க வர்ற எஞ்சினுக்கு எச்சரிக்கையாக் கார்டு தண்டவாளத்துல பட்டாசு வைக்கோணுமுங்க. இங்க வெடியா வைக்க முடியும்?"

அவள் அஞ்சறைப்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வண்டிக்கு முன்னால் அளந்து மூன்று மிளகுகளை வைத்துவிட்டு, அருணகிரி ஒரு துண்டுத்தாளை ஓமலூரில் இருந்த ஞானதாஸிடம் நீட்டினார். "எஞ்சினுக்கு வலு பத்தலீங்க மாஸ்டர். உதவி எஞ்சின் வேணும். எந்தப் பக்கமிருந்துன்னு நீங்கதான் சொல்லோணும்."

ஞானதாஸ் பாதையை மேட்டூர்வரை கண்ணால் அளந்தார். பிறகு, ஒவ்வொரு சொல்லாக, "மேச்சேரியிலிருந்து. மிளகுக்கு முன் நிற்க வேண்டும். கார்டு கொடி காட்டும்வரை... வண்டி அசையக்கூடாது. உதவி எஞ்சினை முறுக்குவது அதன் டிரைவர் வேலை. உத்தரவு என் வேலை" என்றார். தாளில் இடக்கையால் கையெழுத்திட்டார். கையெழுத்து நண்டு ஊர்ந்ததுபோல் இருந்தது.

"உத்தரவுங்க" என்று கைலாசம் எழுந்து நின்றே வாங்கிக்கொண்டார். அவருடைய எஞ்சின் வந்து, மிளகுக்கு ஓர் அங்குலம் முன்னே நின்றது. அருணகிரி மிளகை எடுத்துவிட்டுக் கொடி காட்டியபின், வண்டியோடு கோத்துக்கொண்டு, மேச்சேரிக்கு இழுத்துப்போயிற்று.

"இருபத்திரண்டு நிமிடம் தாமதம். எழுது, மேரி" என்றார் ஞானதாஸ்.

"காரணம்?"

"உள்ளதை எழுது. எஞ்சினுக்கு வலு போதவில்லை."

எழுதினாள். ஞானதாஸ் அடுத்த வண்டிக்கு மணியடித்தார்.

ஐந்து மணிக்கு அருணகிரி செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுத்த வாரத்துக்கு மறுவாரம் வாரேங்க்கா. மிளகு இருக்கட்டும்" என்றார்.

மறுபடி எல்லாத் தண்டவாளத்தையும் துடைக்க வேண்டும். இன்னாசிமேரி காலிப் பெட்டியைக் காலாலேயே கட்டிலடிக்குத் தள்ளினாள். பிறகு உட்கார்ந்து, கொண்டை ஊசியைக் கழற்றி, உதவி எஞ்சினின் அச்சில் சுற்றியிருந்த நூலை இழுக்கத் தொடங்கினாள்.