மாமரப் பலகையின் காவிக்கோடு

கோவிந்தன் பலகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மூன்றாம் தடவையாக அதையே சொன்னார்.

"பட்டை பேடா சார், வேணாம். உரிச்சி எறிஞ்சிடலாம். மாமரத்துல பட்டைக்கும் கட்டைக்கும் நடுவுலதான் பூச்சி குடித்தனம் பண்ணும். உரிச்சிட்டா கண்ணாடி மாதிரி பாலிஷ் எடுத்துத் தரேன்."

"பட்டைக்காகத்தான்யா பலகையே," என்றார் சிரில்.

ஜோகுபாளையத்தில் கோவிந்தனை மிஞ்சிய பாலிஷ்காரர் கிடையாது. ரிச்சர்ட்ஸ் டவுனில் சிரிலை மிஞ்சிய பிடிவாதக்காரரும் கிடையாது. டெலிபோன் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம், வருகிற சாமானில் எல்லாம் குறை கண்டுபிடிப்பதையே உத்தியோகமாகப் பார்த்து ஓய்வு பெற்றவர். போன வருடம், தொண்ணூற்றொன்பது மே மாத மழையில் வாசல் மாமரம் சாய்ந்தபோது, மற்றதையெல்லாம் விறகுக்குக் கொடுத்துவிட்டு, அடிமரத்தில் அரை சாண் கனத்துக்கு ஒரே ஒரு பலகை அறுத்து வாங்கி, ஒன்றரை வருடமாகக் கார் ஷெட்டில் காயப்போட்டிருந்தார். ஓரங்களில் பட்டை அப்படியே இருந்தது. ஒரு ஓரத்தில் கொஞ்சம் சுண்ணாம்பும், அதன்மேல் நாலு விரல் அகலத்துக்குக் காவிக்கோடும் இருந்தன.

கோடு மனைவி கேத்தரின் போட்டது. அவள் அப்பா ராணுவத்தில் ஹவில்தார். அவர்கள் குடியிருந்த ராணுவ லைனில் மரத்துக்கெல்லாம் முழங்கால் உயரம் சுண்ணாம்பு அடித்து, மேலே காவிக்கோடு போடுவார்கள். கல்யாணமாகி வந்த முதல் வருடமே, கிறிஸ்துமஸுக்கு நாலு ஞாயிறு முன்னால், வீட்டுக்கு வெள்ளையடித்த கையோடு இந்த மாமரத்துக்கும் போட்டுவிட்டாள். கோடு கோணாமலிருக்க மரத்தைச் சுற்றி நூல் கட்டுவாள். நூல் முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது சிரிலின் வேலை. "ஆடாம பிடிங்க. மரமே சும்மா நிக்குது, உங்களால முடியலியா?" என்று வாங்கிக்கட்டிக்கொள்வதும் அவர் வேலைதான். இருபத்தெட்டு கிறிஸ்துமஸ் இப்படியே போயின. எவ்வளவு சந்தோஷமான திட்டு அது!

தொண்ணூற்றாறு ஏப்ரலில் கேத்தரின் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு சிரில் சுண்ணாம்பு வாளியைத் தொடவில்லை. கோடு மட்டும் மூன்று மழைக்காலத்துக்கும் அழியவில்லை. "காவியில வஜ்ரப் பசை காய்ச்சி ஊத்தியிருப்பா, கெட்டிக்காரி," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்தார். கோடு ஒரு பக்கம் லேசாகக் கோணியிருந்தது. மரம் பருத்ததில் அப்படி ஆகியிருக்கும் என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தார். ஆசை கண்ணை மறைத்தால் இன்ஸ்பெக்டரும் குருடர்தான்.

இந்தப் பலகையை ஹாலில் பெஞ்சாகப் போட வேண்டும், தான் கண்ணை மூடும்வரை அந்தக் கோடு கண்ணில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கோவிந்தன் கடைசியில் இறங்கி வந்தார். பூச்சி மருந்து அடித்து, பட்டை கழன்று நின்ற இடத்திலெல்லாம் ஊசிபோடுகிற சிரிஞ்சால் மரப்பசையை ஏற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டினார்.

"மூணு நாள் இருக்கட்டும். அப்புறம் அரக்கை ஸ்பிரிட்ல கரைச்சு ரெண்டு தடவை மெல்லிசா விடறேன், பட்டையே குடிச்சுக்கும். தடிமனா அடிச்சா வெடிச்சுடும். ஒண்ணு மட்டும் சார், தண்ணி காட்டிடாதீங்க. காவி ஊறினா போச்சு."

நன்றாகத்தான் சொன்னார். ஆனால் சிரில் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. டோபிக்குப் போடும் துணியை முதலில் அலசிவிடுவார்கள். வேலைக்காரி வருவதற்குள் பாத்திரத்தை ஒரு தரம் கழுவிவிடுவார்கள். வெளியாள் கையில் அழுக்கோடு எதையும் கொடுக்கக் கூடாது என்பது கேத்தரின் போட்ட சட்டம். நாலாம் நாள் காலை, கோவிந்தன் வரும் நேரம் பார்த்து, பட்டையில் ஒரு சிலந்திக்கூடு சிரில் கண்ணில் பட்டது. கை பழக்கதோஷத்தில் ஈரத்துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டே போனது. துணி சிவப்பானபோதுதான் அவர் பார்த்தார்.

கோட்டைக் காணோம்.

அவர் போட்ட சத்தம் கேட்டு யூனிஸ் சமையலறையிலிருந்து வந்தாள். சிரிலின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாமல், டீச்சர் வேலை பார்த்து ஓய்வு பெற்று, அண்ணனோடேயே இருக்கிறவள். அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"என் கையாலயே அவளைத் துடைச்சிட்டேன், யூனிஸ்," என்றார். அறுபத்துநாலு வயசு மனிதர் குழந்தை போல அழுதார்.

யூனிஸ் அவர் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டாள்.

"அது அண்ணி போட்டது இல்லண்ணா. அண்ணி போட்டது முதல் மழையிலயே கரைஞ்சிடுச்சு. நீங்க தினம் காபியை வெச்சிக்கிட்டு அது முன்னாலயே நிப்பீங்க. அது மங்க மங்க என்னால பாக்க முடியல. அதான் நானே போட்டேன், மூணு வருஷமும். நீங்க சர்ச்சுக்குப் போன நேரத்துல."

சிரிலுக்கு இப்போது விளங்கியது. கிறிஸ்துமஸுக்கு நாலு ஞாயிறு முன்னால், மூன்று வருடமும் யூனிஸுக்குச் சரியாக அன்றைக்குத் தலைவலி வந்தது. திரும்பி வந்து, "ஆராதனைன்னா மட்டும் உனக்குத் தலை வலிக்குமே," என்று மூன்று வருடமும் அவளைக் கரித்துக்கொட்டியிருக்கிறார். ஜெபத்துக்குக்கூட முழங்கால் போட முடியாத மூட்டுவலிக்காரி, மண்ணில் உட்கார்ந்து மரத்தைச் சுற்றி நகர்ந்திருக்கிறாள்.

"நூல் கட்டினியா?"

"கட்டினேன். பிடிக்கத்தான் ஆள் இல்ல. அதான் கோணிக்கிச்சு."

அப்போது கோவிந்தன் வந்து சேர்ந்தார். ஈரப் பட்டையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

"வெடிப்புக்குள்ள பாருங்க சார். அடியில பழைய காவி கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்குது. துணி அங்க போகல. இதும்மேல அரக்கை விட்டா இருக்கிறது நின்னுடும். காயட்டும், நாளைக்கு வரட்டுமா?"

சிரில் குனிந்து பார்த்தார். நூலிழை போல அங்கங்கே சிவப்பு. யார் போட்டதோ, எந்த வருடத்துக் காவியோ, அவரால் சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை.

"ரெண்டு நாள் கழிச்சு வாங்க. இன்னும் ஒரு வேலை பாக்கியிருக்கு," என்றார். தங்கையிடம் திரும்பினார். "மிச்சக் காவி வெச்சிருக்கியா?"

தையல் மெஷினுக்கு அடியிலிருந்து டப்பா வந்தது. பக்கத்திலேயே அண்ணியின் பழைய பிரஷ்ஷும் இருந்தது. சிரில் யூனிஸுக்கு நாற்காலி போட்டார். நூல்கண்டைப் பிரித்து, அரை சாண் பட்டை ஓரத்தின் குறுக்கே இரண்டு கையாலும் பிடித்தார். இத்தனூண்டு இடத்துக்கு நூல் எதற்கு என்று கோவிந்தன் கேட்கவில்லை.

யூனிஸ் பிரஷ்ஷைத் தோய்த்துப் பட்டையருகே கொண்டுபோய், நிறுத்தினாள்.

"ஆடாம பிடிங்கண்ணா," என்றாள்.

சிரிலால் ஆடாமல் பிடிக்க முடியவில்லை.