நான்காம் வகுப்புச் சுவரில் ஒரு பெயர்

மாதம் பிறந்தால் பள்ளியிலிருந்து ஒரு தாள் வரும். எந்தப் பாடத்தில் என்ன நடத்தப் போகிறார்கள் என்று அதில் அச்சடித்திருக்கும். ஹாஜி வஹ்தான் அதைப் படித்ததே இல்லை. நான்காம் வகுப்பில் படிக்கும் கடைசி மகள் ரவ்தா நீட்டுவாள், அவர் கையெழுத்துப் போட்டுத் தருவார். எகிப்தின் கினாவில் கரும்பு வெட்டு நடக்கும் சமயத்தில் அதையெல்லாம் படிக்க யாருக்குப் பொழுது இருக்கிறது?

இந்த மாதம் படிக்க வேண்டியதாயிற்று. அரபுப் பாடத்தில் 'என் தாய்' என்று பத்து வரி, தாயின் பெயரோடு. கணக்கில், வீட்டிலுள்ளவர்களின் பெயரையும் வயதையும் கட்டம் போட்டு வரைய வேண்டும். அறிவியலில், கண்ணின் நிறம் யாரிடமிருந்து வந்தது என்று கேட்டிருந்தது. சமூகப் பாடத்தில் குடும்ப மரம். ஓவியத்தில் அதே மரத்தைப் பெரிய அட்டையில் வரைந்து, வியாழக்கிழமை பெற்றோர் வரும்போது சுவரில் ஒட்ட வேண்டுமாம்.

"எல்லாப் பாடமும் சேர்ந்து என் வீட்டுக்குள்ளதான் நுழையணுமா?" என்றார்.

அவருடைய கைப்பேசியில் மனைவியின் எண் 'வீடு' என்றுதான் பதிவாகியிருந்தது. பெரிய மகள்கள் இருவரின் கல்யாணப் பத்திரிகையிலும் மணமகளின் பெயர் இல்லை. 'ஹாஜி வஹ்தானின் மகள்' என்று மட்டும் இருந்தது. மூத்த மகன் ரஜப் பிறந்த நாளிலிருந்து தெருவுக்கு அவர் மனைவி உம்மு ரஜப், ரஜபின் தாய்; மனைவிக்கு அவர் அபூ ரஜப், ரஜபின் தந்தை. இருபத்தெட்டு வருஷத்தில் அந்நியன் ஒருவன் வாயில் அவள் பெயர் வந்ததில்லை. தன் ஆயுளில் சேர்த்தவற்றில் இதைத்தான் அவர் பெரிதாக நினைத்தார்.

கூடத்துச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த, ஆண்களின் பெயர் மட்டுமே கொண்ட வம்ச மரத்தைக் காட்டினார். "ஒம்பது தலைமுறை. இதைப் பாத்து வரை."

"இதுல நானே இல்லையே அப்பா" என்றாள் ரவ்தா. "கணக்கும் இடிக்குது. வீட்ல நாம ஏழு பேரு. இதுல மூணு பேருதான் இருக்கீங்க."

"அம்மா இடத்துல உம்மு ரஜப்னு எழுது."

"எழுதினேன். டீச்சர் அப்லா அதைக் கோடு போட்டு அடிச்சிட்டாங்க. உங்கம்மாவுக்குப் பேரே வைக்கலையான்னு கேட்டாங்க."

மறுநாள் காலை தலைப்பாகையைப் புதிதாகச் சுற்றிக்கொண்டு ஹாஜி பள்ளிக்குப் போனார். ஆசிரியை அப்லா இக்லாஸ் நோட்டுக் குவியலுக்கு முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க ஹாஜி. முப்பத்திநாலு நோட்டு. இருபத்தாறுல அம்மா பேரு காலி. ஒருத்தன் 'ரகசியம்'னு எழுதியிருக்கான்."

"பிள்ளைங்களுக்கு மானம் இருக்கு."

"மானத்துக்கு நான் மார்க் போட முடியுமா? மேலேருந்து வந்த பாடம். போன மாசம் நைல் நதி நடத்தினேன், ஒருத்தரும் சண்டைக்கு வரல."

"முதல் எழுத்து மட்டும் போட்டுக்கட்டும்" என்று அவர் இறங்கி வந்தார். அவர் இறங்கி வந்ததே பெரிது.

"உங்க பொண்ணு முழுசா எழுதி முடிச்சிட்டா ஹாஜி. அழகா எழுதியிருக்கா. வியாழக்கிழமை வந்து பாருங்க."

வீட்டுக்கு வந்த வேகத்தில் மனைவியிடம் கேட்டார். அவள் ரொட்டி மாவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நான்தான் சொன்னேன். பிள்ளை கேட்டா, சொன்னேன். அடுத்தவ பேரையா சொல்லிக் கொடுத்தேன்?"

வியாழக்கிழமை எல்லோருக்கும் முன்னால் ஹாஜி போய்விட்டார். தாழ்வாரத்துச் சுவரில் ரவ்தாவின் மரம் நடுவில் இருந்தது. அவர் பெயர் ஒரு கிளையில். பக்கத்துக் கிளையில், பச்சை மையில், நவ்வாரா. அட்டையின் ஓரத்தைப் பிடித்தார். பிசின் நாடா நன்றாக ஒட்டியிருந்தது. இழுத்தால் மரமே கிழியும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வேறு வழி தோன்றவில்லை. திரும்பி, அட்டையின் மேல் முதுகைச் சாய்த்து, கைத்தடியை ஊன்றி நின்றுவிட்டார். ஆறடி உடம்பு. ஒரு கிளைகூட வெளியே தெரியவில்லை.

எதிர்வீட்டு ஹாஜி ஹம்தூன் பேரனோடு வந்தான். "என்ன வஹ்தான், சுவரு விழுந்துடும்னு தாங்கிப் பிடிச்சிருக்கியா?"

"முதுகு வலி. உன் பேரன் வரைஞ்சதப் போய்ப் பாரு."

"அதுல என்ன இருக்கு? அவன் அம்மா இருக்கற இடத்துல ஒரு கோடு. நகரு, உன்னுதப் பாப்போம்."

ரவ்தா வந்து சட்டைக் கையை இழுத்தாள். "அப்பா, அப்லா மார்க் போட வர்றாங்க. நகருங்கப்பா." அவள் குரல் உடைந்தது அவர் காதில் விழுந்தது. அவர் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

அப்போதுதான் கறுப்பு அங்கியில் அவர் மனைவி மருமகளோடு தாழ்வாரத்தில் நுழைந்தாள். இந்தப் பள்ளிக்குள் அவள் ஒருநாளும் வந்ததில்லை.

"நீ எதுக்கு வந்தே?"

"பெத்தவங்க வரணும்னு தாள்ல போட்டிருக்காம். நகருங்க, அபூ ரஜப்."

"இங்க ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்ளோ நேரமா காவல் நிக்கிறீங்க?"

யாரோ சிரித்தார்கள். ஹாஜி சுற்றிலும் பார்த்தார். மற்ற மரங்களைப் பார்க்க ஆளே இல்லை. தாழ்வாரம் முழுக்க அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மறைக்க மறைக்கக் கூட்டம் சேர்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு எட்டு நகர்ந்தார்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. "எது என்னோடது?" என்று அட்டையைத் தேடினாள். மருமகள் மாமனார் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. ரவ்தா அழுகையை விழுங்கிக்கொண்டிருந்தாள். ஹம்தூன் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் பையில் கைவிட்டான். மாட்டிக்கொண்டால் அடுத்த நொடி அவன் உரக்கப் படிப்பான்.

அந்தப் பெயர் ஊர் நடுவில் ஒலித்தே தீரும் என்றால், அது அவன் வாயிலிருந்து வரக்கூடாது. ஹாஜி விரலைப் பச்சை எழுத்தின் மேல் வைத்தார்.

"இது" என்றார். பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "நவ்வாரா."

அவள் அந்த விரலையே பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. மருமகளுக்குக் கேட்டிருக்காது."