மெயின் போட்டதும் முளைத்த ஃபோல்டர்

துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரில் சிஹாமின் அலுவலகத்துக்கு வயர் இழுக்கிறவன் நான். அவள் எழுதிய மென்பொருள் லினக்ஸ், விண்டோஸ், மேக் என்று மூன்று வகைக் கணினியிலும் ஓட வேண்டும். அதன் பகுதிகள் ஒன்றையொன்று கண்டுகொள்ள ஒவ்வொன்றிலும் ஒரு பொது ஃபோல்டர் தேவை. நேற்று கரண்ட் போய் வந்ததும் லினக்ஸில் அது காணாமல் போயிருந்தது. இன்று மதியம் அதை வாங்க நினைக்கும் மருத்துவமனைக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். ஓடாவிட்டால் வேலை கைவிட்டுப் போய்விடும்.

"ஃபோல்டரைக் கையால போட்டா எப்படித் தங்கும் மேதாவி? ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் லினக்ஸ் அந்த இடத்தைத் துடைச்சிடுமே!" என்று கூட்டாளி ஷுக்ரியைக் கடிந்தாள் சிஹாம்.

"அப்ப துடைக்காத இடத்துல வை தாயே."

"வேணாம். கரண்ட் போய்ச் செத்த புரோகிராமோட பழைய அடையாளம் அங்கயே கிடந்து, அது இன்னும் ஓடுதுன்னு குழப்பும். துடைக்கட்டும். இடம் எதுன்னு அந்தந்த சிஸ்டத்தையே கேட்டு, புரோகிராமே புதுசா போட்டுக்கட்டும்."

எழுதி முடித்து என்னைப் பார்த்தாள். "லமீன் அண்ணே, மெயின் சுவிட்சை இறக்குங்க."

இறக்கினேன். திரைகள் இருண்டன. ஏற்றிவிட்டு, திரைகள் மறுபடி எழும்பியதும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். மூன்று திரையிலும் மூன்று வேறு பாதைகள். யார் கையும் படாமல் ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு ஃபோல்டர் முளைத்திருந்தது. எல்லாப் பகுதிகளுக்கும் பச்சை விளக்கு.

"சுவிட்சை விட்டுட்டு வாயை மூடுங்கண்ணே, ஈ உள்ள போயிடும்!" என்று ஷுக்ரி சிரித்தான்.

"இன்னொரு தடவை இறக்கட்டுமா?" என்றேன்.

"அவங்க வரட்டும்ண்ணே," என்றாள் சிஹாம். "அவங்க கண்ணு முன்னாலயே இறக்குங்க."