விழிப்புப் பொத்தான்

...நேற்று மதியம் என் வீட்டுக்காரி ஆயிரத்து இருநூறு பயணிகளை ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்கினாள், நடுவில் மூன்று சுரங்கம், ஒரு பாலம், கண் தெரியாத அடைமழை, இருந்தும் வண்டியில் ஒருத்தர் கோப்பையிலிருந்து ஒரு சொட்டுத் தேநீர் சிந்தவில்லை, அதுவும் யார், மூன்று மாதமாகக் கழுத்துக்குக் கீழே ஒரு நரம்பு அசையாமல், வாயில் ஒரு சொல் இல்லாமல் மல்லாந்து கிடக்கிறவள்... கேட்டால் ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும், என் மகள்கூடச் சிரித்திருந்தால் தேவலை, அவள் சிரிக்காமல் அலமாரியைத் திறந்து அம்மாவின் உடுப்புகளை ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைக்கிறாள். சாயங்காலம் பராமரிப்பு இல்லத்திலிருந்து வண்டி வருகிறது. நான் ஓட்டுகிற வண்டி இல்லை, இது உண்மையான வண்டி, நேரத்துக்கு வந்துவிடும். "அப்பா, ரீல் விடுறதுக்கு ஒரு அளவு இருக்கு. அம்மா விஷயத்துலயுமா?" என்றாள். அவள் பேரில் குற்றம் சொல்ல முடியுமா, ஒழுகுகிற குழாய்க்கு நூல் சுற்றியதையே அணை கட்டிய கதையாகத் தெருவெல்லாம் சொன்னவன் நான், போன வாரம் குளியலறையில் வீட்டுக்காரியைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்து விழுந்து கிடந்து, எதிர்வீட்டுத் தையல்காரர் வந்து கதவை நெம்பித் தூக்கிவிட்டதைக்கூட, இந்த வயதில் உன் அம்மாவோடு டான்ஸ் ஆடினேன் என்றுதான் மகளிடம் போனில் சொன்னேன். தையல்காரர் தனியாக அவளுக்குப் போன் செய்து உள்ளதைச் சொல்லிவிட்டார், பாவி மனுஷன், அதன் விளைவுதான் இந்தப் பை.

ஆனால் நேற்று நடந்தது நடந்ததுதான். ரயில் விளையாட்டு ஓடுகிற கம்ப்யூட்டரை இந்த அறைக்கே கொண்டுவந்து அவள் கட்டிலின் கால்மாட்டில் வைத்திருக்கிறேன், அவளை விட்டு நகர முடியாது, ரயிலையும் விட முடியாது, இரண்டையும் ஒரே அறையில் போட்டுவிட்டேன். சாப்பிட்டு முடித்து மலைப்பாதை வண்டியைக் கிளப்பினேன், ஒயரில்லாத கீபோர்டு, மடியில் கனத்தது, எடுத்து அவள் கைப்பக்கம் போர்வைமேல் வைத்தேன், நாற்காலியில் சாய்ந்தேன், அவ்வளவுதான், தூங்கிப்போனேன். விழித்துப் பார்த்தால் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது! அது ஓடக் கூடாது. இஞ்சினில் ஒரு பொத்தான் உண்டு, விழிப்புப் பொத்தான், கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை 'கீங் கீங்' என்று அலறும், ஓட்டுகிறவன் உயிரோடு இருக்கிறானா, விழித்திருக்கிறானா என்று கேட்பது அது, உடனே அமுக்கிவிட வேண்டும், அமுக்காவிட்டால் செத்துவிட்டான் என்று வைத்துக்கொண்டு பிரேக்கைப் போட்டு நட்டநடு வழியில் நிறுத்திவிடும். அதற்குக் கீபோர்டின் அடிவரிசை நீளக் கட்டை. நான் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறேன், வண்டி பாலத்தைத் தாண்டி அடிவாரத்துக்கு வந்துவிட்டது... அப்படியானால் அமுக்கியது யார்? "கை மேல கிடந்திருக்கும்ப்பா." கிடந்தால் ஏற்காது, அந்த விஷயத்தில் அது என் பழைய மேலதிகாரி மாதிரி, அலறிய பிறகு அமுக்கி, அமுக்கியதை விடவும் வேண்டும். "தானா தானா விழுந்திருக்கும்." "அத்தனை தடவையா விழும்?" "எத்தனை தடவைன்னு தூக்கத்துல எண்ணினீங்களா?" என்றாளே பார்க்கணும், அப்படியே அம்மா வாய், அந்த வாயைக் கேட்டு மூன்று மாதம் ஆகிறது, எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது.

டெலிபோன் ஆபீசில் புகார்ப் பிரிவில் உட்கார்ந்தே முடி நரைத்தவன் நான், லைன் வேலை செய்யவில்லை என்று ஊரே என் காதில் கத்தும், நான் 'பார்க்கிறோம்' என்பேன், யார் பார்த்தார்கள், எனக்கே தெரியாது. ஓய்வு பெற்றதும் மருமகன் இந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தார், கிழவன் ஒரு வாரத்தில் விட்டுவிடுவான் என்று நினைத்திருப்பார்... முதலில் தண்டவாளம் போட்டு ஊர்களை இணைக்கிற விளையாட்டு, பிறகுதான் இஞ்சினுக்குள் உட்கார்ந்து ஓட்டுவது. அதில் பயணிகள் சின்னச் சின்னப் புள்ளிகள், காத்திருந்து அலுத்தால் சிவப்பாவார்கள், ஒரு பெட்டி கூட்டினால், ஒரு சிக்னலை நகர்த்தினால் பச்சையாகிவிடுவார்கள், ஆகா, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு புகாரைத் தீர்த்தேன்! முதல் ரயில்வேயில் புதுசாய் விளையாடுகிற எல்லோரும் செய்யும் தப்பைத்தான் நானும் செய்தேன், சந்திப்பைத் தாண்டியதுமே சிக்னலை வைத்துவிட்டேன், முன்னால் போன வண்டி அதில் நிற்கும்போது வால் சந்திப்புமேலேயே கிடந்தது, பின்னால் வந்தது அதற்காக நின்றது, அதன் பின்னால் இன்னொன்று, கடைசியில் முதல் வண்டிக்கு வழிவிட வேண்டிய வண்டியே அந்த வரிசையில் மாட்டிக்கொண்டு, என் ராஜ்ஜியத்தில் ஒரு சக்கரம் உருளவில்லை. வீட்டுக்காரி காய்கறிக் கத்தியோடு வந்து எட்டிப்பார்த்து, "யாருமே இல்லாத ரயிலை யாருக்கய்யா ஓட்டுறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஆனாலும் அதில் ஒரு சௌகரியம், எந்த வண்டி நின்றாலும் அதன்மேல் அம்புக்குறியை வைத்து அழுத்தினால் ஏன் நிற்கிறேன் என்று அதுவே சொல்லிவிடும், முன்னால் வழியில்லை, எதிர்வண்டிக்குக் காத்திருக்கிறேன், இஞ்சின் பழுது... அதற்காகத்தான், வேறெதற்கும் இல்லை, அதற்காகத்தான் நாளெல்லாம் அதன் முன்னால் கிடக்கிறேன். இவளை எங்கே அழுத்துவது? டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணு திறந்திருக்கும், ஆள் உள்ளே இல்லை, மனசைத் தேத்திக்குங்க" என்று அவள் தலைமாட்டிலேயே நின்று சொன்னார். கட்டிலின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று நாங்களும் அப்படியே பேசப் பழகிவிட்டோம், குழாய் மாற்றுவது, புண், செலவு, எத்தனை நாள் தாங்கும், எல்லாம் அவள் முகத்துக்கு மேலாலேயே.

மகள் பரிசோதனைக்கு ஒத்துக்கொண்டாள், அதையும் சொல்ல வேண்டும், கெட்ட பெண் இல்லை அவள், பல் டாக்டரிடம் வேலை, இருந்த லீவையெல்லாம் அம்மாவுக்கே கொடுத்துவிட்டாள், கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் நிற்கிறாள். "ஒரே ஒரு தடவைப்பா. அமுக்கிட்டாங்கன்னா வண்டிய வர வேண்டாம்னு நானே சொல்லிடறேன்." அவள் அம்மாவின் கையை எடுத்துக் கட்டைமேல் வைத்தேன், ஈரத்துணி மாதிரி இருந்தது, வண்டியைக் கிளப்பினேன். 'கீங் கீங்'. நானும் மகளும் அந்த விரலையே பார்த்தோம். பிரேக் போட்டுக்கொண்டு வண்டி வயல் நடுவில் நின்றது. "மேடு ஏறும்போது அவளுக்குப் பிடிக்காது, இறக்கம் வரட்டும்" என்றேன். இறக்கத்திலும் நின்றது. மழையை நிறுத்தினேன், வெயில் வைத்தேன், ஜன்னல்திரையை இழுத்துவிட்டேன், கிட்டே போய், "அடியே, மானத்தை வாங்காதே, ஒரு அமுக்கு" என்றேன், காதோடு சொல்லி, கெஞ்சி, கடைசியில் அதட்டியும் பார்த்தேன். நின்றது. "போதும்ப்பா," என்றாள் மகள், மெதுவாக, கோபமாகச் சொல்லியிருக்கலாம், மெதுவாகச் சொன்னாள். அப்போதுதான் எனக்கே சந்தேகம் தட்டியது... தூங்கவே இல்லையோ, விழித்திருந்து நானே அமுக்கிவிட்டு மறந்தேனோ, சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேனோ, வாழ்நாளெல்லாம் ஒன்றைப் பத்தாக்கிச் சொன்னவன் கண்ணுக்கு இல்லாத ஒன்றும் தெரியத்தான் செய்யும்... இவள் உள்ளே இல்லை என்றால் நான் மூன்று மாதமாக யாருக்குச் சோறு கரைத்து ஊற்றினேன், யாரிடம் மழை வருகிறது என்று சொன்னேன், யாருமே இல்லாத ரயிலை யாருக்கய்யா...

வண்டியைத் திரும்பக் கிளப்பினேன், ஓட்டுவதற்கு இல்லை, சும்மா, அந்தச் சத்தம் இல்லாமல் அந்த அறையில் நிற்க முடியவில்லை. கீபோர்டை எடுக்கவும் மனம் வரவில்லை, அவள் கைக்குக் கீழேயே விட்டுவிட்டு முகம் கழுவச் சமையலறைக்குப் போனேன். மகள் போனில் பேசுவது கேட்டது, இல்லத்துக்காரர்களோடு. "ஜன்னல் பக்கமெல்லாம் வேண்டாங்க, சும்மா ஒரு கட்டில் போதும்... இல்லைங்க, தொந்தரவே இருக்காது, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, எங்க கொண்டுபோய்ப் போட்டாலும் ஒண்ணுதான்..." 'கீங் கீங்' என்றது. நான் குழாயைத் திறந்தேன். ரயில் எப்படியும் நின்றுவிடும், பிரேக் சத்தம் வரும், அதற்காகக் காது வைத்துக்கொண்டு நின்றேன், காது மட்டும் பழைய ஆபீஸ் காது, எந்த லைன் எப்போது அறுந்தது என்று தெரிகிற காது... சட்டென்று 'கீங்' பாதியில் அறுந்தது. பிரேக் சத்தம் வரவில்லை. சக்கரம் தடதடத்துக்கொண்டு போனது. மகள் குரலும் பாதியில் நின்றுவிட்டது, அந்தப் பக்கம் யாரோ 'ஹலோ ஹலோ' என்பது இங்கே வரைக்கும் கேட்டது. ஈரக் கையோடு வந்து வாசற்படியில் நின்றேன். கட்டிலுக்கு அந்தக் கோடியில், அலமாரியை ஒட்டி நின்றாள் அவள், ஒரு கையில் போன், இன்னொரு கையில் அம்மாவின் ஸ்வெட்டர், கீபோர்டுக்கு எட்டாத தூரம். "நீ அமுக்கினியா கண்ணு?" என்றேன், ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாளா என்று ஒரு நொடி, சத்தியமாக, ஏங்கினேன், ஏன் என்று தெரியவில்லை, நேற்றிலிருந்து கெஞ்சியது இதற்குத்தானே, நிரூபித்துவிட்டாளே, குதிக்க வேண்டியவன் இல்லையா நான்... தலைமாட்டில் டார்ச்சோடு நின்ற டாக்டர், புண், செலவு, எத்தனை நாள் தாங்கும், எல்லாம் அவள் காதுக்கு மேலாலேயே... மறுபடியும் 'கீங் கீங்'. மறுபடியும் பாதியில் அறுந்தது. இந்தத் தடவை நானும் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை, மகள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மாதான்ப்பா," என்றாள். "பார்த்தேன். விரல்தான்... நான் பேசிட்டிருக்கும்போதேப்பா."